ஹேக்கர் ஆகணுமா? முதல்ல ரம்பத்தை எடு!

ரகசியத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் சைபர் செக்யூரிட்டி இன்ஜினீயர் ஆக வேண்டுமானால் மரம் அறுக்கத் தெரிய வேண்டும்!

சிரிக்காதீர்கள், நிஜம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2021 விதிமுறைப்படி பி.இ. சேர்ந்த எல்லோருக்கும் முதல் ஆண்டிலேயே ‘இன்ஜினீயரிங் பிராக்டிசஸ்’ என்றொரு லேப் உண்டு. கட்டையை அறுத்து இழைத்து மூலைக்கு மூலை பொருத்த வேண்டும். பி.வி.சி. குழாயை வெட்டிப் பிளம்பிங் செய்ய வேண்டும். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் வைத்து வயரிங் செய்ய வேண்டும். வெல்டிங் பொறி பறக்கும். சால்டரிங் புகை மூக்கில் ஏறும். கறுப்பு ஸ்கிரீனில் பச்சை எழுத்து ஓடும் என்று கனவோடு வந்த பிள்ளை, காக்கி ஓவர்கோட் போட்டுக்கொண்டு கையில் அரத்தோடு நிற்கிறது. அந்த முகத்தைப் பார்க்கவாவது கல்லூரி லேப் ஜன்னல் ஓரம் ஒருநாள் நிற்க வேண்டும் எனக்கு.

உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு இப்போது புது மோகம். ஏரிப் பாசனம், நெல், டவுனுக்கு ஒரு பஸ் என்று இருக்கிற ஊர்களிலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம், மதுராந்தகம், ஸ்ரீபெரும்புதூர் என்று நாலு திசைக்கும் கல்லூரி பஸ்ஸில் கிளம்புகிறார்கள். வீட்டுத் திண்ணையில் பெரியப்பா கேட்கிற கேள்வி மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “அது என்னம்மா படிப்பு? அடுத்தவன் பேங்க் அக்கவுன்ட்ல பூந்து எடுக்குறதா?” பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல நான்கு வருடம் ஆகும். நாம் அவசரக்காரர்கள். திரையைக் கொஞ்சம் விலக்கி உள்ளே என்னதான் நடக்கிறது என்று இப்போதே பார்த்துவிடலாம்.

வாசலில் முதல் காவலாளி, பிளஸ் டூ மார்க். கணக்கு, இயற்பியல், வேதியியல். பொதுப்பிரிவுக்கு இந்த மூன்றிலும் சராசரி 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 இருந்தால் விண்ணப்பிக்கலாம். பிறகு கட்-ஆஃப். கணக்கு மார்க் முழுசாக 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50-க்கு, ஆக மொத்தம் 200. கணக்கில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 எடுத்த பெண்ணுக்கு 92, 44, 42 கூட்டி 178. ஜூன் மாதம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளை சம்பளத்தைவிட இந்த எண்ணைத்தான் அதிகம் விசாரிக்கிறார்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்னொரு கதவும் திறக்கிறது. 2021-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி அவர்களுக்கு 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. கல்விக் கட்டணத்தை அரசே கட்டிவிடும். டிப்ளமோ முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் வந்து உட்காரலாம்.

அடுத்தது இந்தக் கதையின் தலைசிறந்த நகைச்சுவைக் காட்சி. கவுன்சலிங் முழுக்க ஆன்லைன். விண்ணப்பம், சான்றிதழ், எந்தக் கல்லூரி எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்தும் ‘சாய்ஸ் ஃபில்லிங்’ எல்லாம் இணையத்தில். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. என்ன செய்வார்கள்? பஜார் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போவார்கள். அங்கே இருக்கிற அண்ணன் மெயில் ஐ.டி. ஆரம்பித்து, பாஸ்வேர்டும் அவரே வைத்து, மறக்காமல் இருக்க அதைத் தன் நோட்டிலும் எழுதிக்கொள்வார். பெயரோடு 123 சேர்த்தால் பாஸ்வேர்டு முடிந்தது. ஆக, நாளைக்கு நாட்டின் கணினிகளைக் காக்கப்போகிறவரின் முதல் கடவுச்சொல், அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்! தப்பு அந்த அண்ணன் மேல் இல்லை. அவர் இல்லாவிட்டால் பாதி ஊர் விண்ணப்பமே போட்டிருக்காது. ஆனால் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிடுகிற பிள்ளை, என் கணக்கில், முதல் பாடத்தில் பாஸ்.

சேர்ந்தாயிற்று. அந்த 2021 விதிமுறைப்படி மொத்தம் எட்டு செமஸ்டர், சுமார் 160 கிரெடிட். அமெரிக்காவில் இதே பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட்தான் கேட்பார்கள். அங்கே கிரெடிட்டை எண்ணுகிற விதம் வேறு. அதனால் ‘அவங்களுக்கு ஈஸி’ என்று யாரும் விசா ஆபீஸுக்கு ஓட வேண்டாம். இங்கே வருகைப் பதிவு 75 சதவீதம் இருந்தாக வேண்டும். தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும், செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதமாவது வேண்டும். இல்லையென்றால் அரியர். ‘கப்பு எத்தனை மச்சி?’ என்று ஹாஸ்டலில் கேட்டால் யாரும் கோப்பையைக் கேட்கவில்லை.

அந்த 2021 பாடத்திட்டத்தைப் புரட்டியபோது எனக்குக் கை தட்டத் தோன்றிய இடம் முதல் செமஸ்டர். பைத்தான், மேட்ரிக்ஸ் கணக்கு, இயற்பியல் எல்லாம் வரிசையாக நிற்க, நடுவில் ‘தமிழர் மரபு’ என்று ஒரு கிரெடிட் பாடம்! தெருக்கூத்து, கரகாட்டம், சிலம்பாட்டம், தேர் செய்யும் கலை, கல்வெட்டுகள், கையெழுத்துப்படிகள் எல்லாம் அதில் உண்டு. இரண்டாம் செமஸ்டரில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’. அதன் கடைசி அலகில் தமிழ் மென்பொருள், தமிழ் இணையக் கல்விக்கழகம், சொற்குவை வரை வந்துவிடுகிறது. ‘கல்வெட்டு’ என்ற சொல்லை ஆசிரியர் போர்டில் எழுதும்போது உத்திரமேரூர்ப் பிள்ளை காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஏனென்றால் சைபர் செக்யூரிட்டியின் பாதிப் பாடம் அவர்கள் ஊர்ச் சுவரில் 1,100 வருடமாக வெயில் காய்கிறது.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைத்தான் சொல்கிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் நாலு மார்க் கேள்விக்குப் படித்துவிட்டு மறந்திருப்போம். அதை ஒரு செக்யூரிட்டி ஆடிட்டரின் கண்ணால் படித்துப் பாருங்கள், புல்லரிக்கும்.

முதலில் தகுதி. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேத நூல்களில் பயிற்சி வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். இரண்டு வருடம் முன்பு வெட்டிய முதல் கல்வெட்டில் இது 30-லிருந்து 60 என்று இருந்தது. அதாவது விதிமுறை வெளியிட்டு, ஓட்டிப் பார்த்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, இரண்டே வருடத்தில் புதுப் பதிப்பு விட்டிருக்கிறார்கள். மென்பொருள் கம்பெனிக்காரர்கள் இதற்கு ‘பேட்ச்’ என்று பெயர் வைத்து நம்மிடமே விற்கிறார்கள்!

அடுத்தது தகுதியிழப்பு. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்தவர் நிற்க முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்கவே முடியாது. அவர் மட்டுமா? அவருடைய அப்பா, பிள்ளை, கூடப்பிறந்தவர், மாமனார், மைத்துனர், மருமகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று ஒரு முழுக் கல்யாணப் பத்திரிகையையே கல்லில் வெட்டி வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். நம்மூரில் பினாமி எந்த வழியாக வருவான் என்று சோழர் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

இனிமேல்தான் உச்சக்கட்டம். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதி, அந்தக் குடும்பின் பெயரோடு ஒரு கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். சிறியவர் பெரியவர் என்று சபை முழுக்கக் கூடியிருக்கிறது. ஊரில் இருக்கிற நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், ஒருவர் விடாமல் மண்டபத்துக்குள் வந்தாக வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்கும்படி குடத்தை மேலே தூக்கிக் காட்டுகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்கிறார்கள். அதைப் பிரித்து வேறொரு காலிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அதே பையன் எடுக்கிறான். வாங்குகிறவர் மத்தியஸ்தர். எப்படி வாங்க வேண்டும்? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்! மடித்த விரலுக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாமே, அதற்காக. அவர் பெயரைப் படிக்கிறார். அது போதாது, அங்கே இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாங்கிப் படிக்கிறார்கள். அப்புறம்தான் பெயர் செல்லும்.

எனக்குத் தலை சுற்றியது இங்கேதான். அந்தச் சின்னப் பையன் யார்? யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாத எண்ணை எடுத்துத் தருகிற இயந்திரம். இன்றைக்குக் கிரிப்டோகிராஃபி வகுப்பில் அதற்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. வேறு குடத்தில் போட்டுக் குலுக்குவது, முதல் குடத்தை அடுக்கினவனின் கைவரிசையை அழிக்கிற வேலை. விரித்த கை, தடயவியலில் சொல்கிற சாட்சியச் சங்கிலி. எல்லோரும் படிப்பது, ஒரே ஆளை நம்பாத சரிபார்ப்பு. கோட்டை விடக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு கண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். இதே பாடத்தை எட்டு செமஸ்டருக்கு இழுத்து, புராஜெக்டரில் போட்டு நடத்துகிறோம்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். அந்தக் குடத்துக்குள் நிலமில்லாதவர் பெயரோ, பெண்ணின் பெயரோ போனதில்லை. உழுதவர்கள், நெய்தவர்கள், ஏரியைத் தூர்வாரியவர்கள் யாரும் அந்தத் தகுதிப் பட்டியலில் இல்லை. உலகின் முதல் ஜனநாயகம் என்று மேடையில் முழங்குகிறபோது இந்த வரியை மட்டும் மைக் விழுங்கிவிடுகிறது. அதே ஊரில் இன்றைக்கு அரசுப் பள்ளியில் படித்த ஒரு கூலி விவசாயி மகள் 7.5 சதவீதத்தில் நுழைந்து, குடம் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கிறாள். கல்வெட்டைவிட இந்தச் செய்தியில்தான் எனக்குக் கிறுகிறுப்பு அதிகம்.

சரி, வகுப்புக்குத் திரும்புவோம். மூன்றாம் செமஸ்டரிலிருந்து அடுப்பு சூடேறுகிறது. டிஸ்கிரீட் கணக்கு, டேட்டா ஸ்ட்ரக்சர், நெட்வொர்க். டேட்டாபேஸும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் ‘அண்ட் செக்யூரிட்டி’ என்ற வாலோடு வருகின்றன. பிறகு ‘கிரிப்டோகிராஃபி அண்ட் சைபர் செக்யூரிட்டி’. இங்கே ஒரு மந்திரக் கணக்கு உண்டு. நோட்டை எடுங்கள், இப்போதே போட்டுப் பார்ப்போம்!

3, 11 என்று இரண்டு பகா எண்கள். பெருக்கினால் 33. பூட்டுகிற எண் 7, இதை ஊருக்கே சொல்லலாம். திறக்கிற எண் 3, இது உங்கள் மடியில் மட்டும். நான் உங்களுக்கு 5 என்று ரகசியமாகச் சொல்ல வேண்டும். ஏழு ஐந்துகளைப் பெருக்கினால் 78,125. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 14. அந்த 14-ஐ நடுத்தெருவில் கத்திச் சொல்கிறேன். நீங்கள் மூன்று பதினான்குகளைப் பெருக்குங்கள், 2,744. அதை 33-ஆல் வகுத்தால் மீதி என்ன? 5! வந்துவிட்டது பார்த்தீர்களா! ரிவெஸ்ட், ஷமீர், ஆடல்மன் என்று மூன்று பேர் 1977-இல் கண்டுபிடித்த வித்தை இது. நிஜத்தில் 33-க்குப் பதில் 617 இலக்க எண் ஒன்று உட்கார்ந்திருக்கும், அதை உடைத்து அந்த இரண்டு பகா எண்களைக் கண்டுபிடிக்க இன்றைய கணினிகளால் ஆகவில்லை. ‘கணக்கு எதுக்கு சார், நான் ஹேக்கிங்தானே கத்துக்க வந்தேன்’ என்று முதல் வருடம் சிணுங்கியவர்கள் வாயடைத்துப் போகிற வகுப்பு இது.

எல்லோரும் காத்திருப்பது எதிக்கல் ஹேக்கிங் லேப்புக்குத்தான். காளி லினக்ஸ் என்று பெயர் கேட்டதும் அம்மன் பாட்டு போடுவார்களோ என்று நினைக்க வேண்டாம், தாக்குதல் கருவிகள் எல்லாம் ஒரே கூடையில் வருகிற ஆப்பரேட்டிங் சிஸ்டம் அது. அதன் தொடக்க யூசர்நேம் காளி, பாஸ்வேர்டும் காளி. பாதுகாப்புப் படிப்பின் முதல் கதவே இப்படி மல்லாக்கத் திறந்து கிடக்கிறது! அதற்குள் ‘ராக்யூ’ என்றொரு கோப்பு இருக்கும். 2009-இல் அந்தப் பெயர் கொண்ட நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் பூட்டே போடாமல் கசிந்தன. அதிலிருந்து தொகுத்த பட்டியல் அது. முதலிடத்தில் எது தெரியுமா? 123456. சுமார் 2.9 லட்சம் பேர் அதையே வைத்திருந்தார்கள். நம்ம பிரவுசிங் சென்டர் அண்ணன் உலகத் தரத்தில்தான் இருந்திருக்கிறார்.

தாக்குவதற்கென்றே ஓட்டை ஓட்டையாகச் செய்து வைத்த டம்மி கணினி ஒன்று லேப்பில் இருக்கும். அதன் மேல்தான் கை வைக்கலாம். பக்கத்து ஹாஸ்டல் வைஃபை மேல் வைத்தால் கதை கந்தல். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகள்படி அனுமதியில்லாமல், நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு நுழைந்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. எழுத்தில் அனுமதி கையில் இருக்கிறதா என்பதுதான் பெரியப்பாவின் கேள்விக்கு முழுப் பதில். இந்தச் சட்டப் பாடத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி நாற்காலி உண்டு. ஒரு பெண்ணைப் பற்றி இணையக் குழுக்களில் ஆபாசமாக எழுதியவருக்கு 2004-இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. இந்தச் சட்டத்தின் கீழ் நாட்டில் வந்த ஆரம்பகாலத் தீர்ப்புகளில் அது பேர்பெற்றது.

தடயவியல் பாடத்துக்கு வந்தால் விரித்த கையை மறுபடி பார்க்கலாம். கைப்பற்றிய போனை நேரடியாக நோண்டக் கூடாது. அப்படியே ஒரு பிரதி எடுத்து, மூலத்துக்கும் பிரதிக்கும் ‘ஹேஷ்’ எண் போட்டு, இரண்டும் ஒன்றா என்று காட்டிவிட்டு, பிரதியில்தான் வேலை. ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் தலைகீழாக மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணுச் சாட்சியத்தோடு கொடுக்கிற சான்றிதழிலேயே இந்த எண்ணை எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

நெட்வொர்க் வகுப்பில் ஆசிரியர்களுக்குக் கூடங்குளம் அணுமின் நிலையம் கைகொடுக்கும். 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் அங்கே ஒரு கணினியில் தீநிரல் புகுந்ததை ஒப்புக்கொண்டது. அது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்த கணினி. உலையை இயக்குகிற வலையமைப்பு அதோடு சேராமல் தனியே இருந்தது. ‘ஏன் சார் ரெண்டு நெட்வொர்க், செலவுதானே’ என்று கேட்கிற மாணவருக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் இந்தப் பாடத்துக்குச் சம்பளமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளில் ரோபோ கைகள் ஓடுகிற வரிசையை ஆபீஸ் மெயிலிலிருந்து பிரித்து வைக்க ஆள் வேண்டும்.

பி.இ. கிடைக்காதவர்களுக்கு மூன்றாண்டு பி.எஸ்சி. இருக்கிறது. கலை அறிவியல் கல்லூரிகளில், பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்று ஆரம்பித்துப் பிறகு கம்ப்யூட்டர். ரம்பம் பிடிக்க வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. ஆனால் கணக்கைத் தவிர்க்க ஓடி வந்தவர்களைக் கிரிப்டோகிராஃபி இங்கேயும் பிடித்துக்கொள்கிறது.

விதிமுறையில் எழுதாத தேவைகளும் உண்டு. ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கை ஒன்று, அதை மேனேஜருக்குப் புரிகிறபடி எழுதுகிற கை இன்னொன்று. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் வருடம் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான், டெர்மினலில் இல்லை. அப்புறம் தூக்கம். கண்காணிப்பு மையத்தில் முதல் வேலை என்றால் ராத்திரி ஷிஃப்ட், வரிசையாக வருகிற எச்சரிக்கைகளில் எது நிஜம், எது வெத்துவேட்டு என்று பிரிக்கிற வேலை. சம்பவம் நிஜமென்றால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும் என்பது 2022 உத்தரவு. ‘ஓ.எஸ்.சி.பி.’ என்ற சான்றிதழ்த் தேர்வோ 23 மணி 45 நிமிடம்! பரீட்சைக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலே முதுகு வலிக்கிறது என்கிற நாம், ஒருநாள் முழுக்கச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கணினியை உடைத்துக்கொண்டிருப்பவர்களைக் கும்பிடத்தான் வேண்டும்.

எட்டாவது செமஸ்டர். புராஜெக்ட் முடிந்தது, வைவா முடிந்தது, எக்ஸ்டர்னல் பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார். இனி மாற்றுச் சான்றிதழ் வாங்க ஒரே ஒரு படி பாக்கி. ‘நோ டியூ’ படிவம். நூலகம், லேப், ஹாஸ்டல், பஸ், விளையாட்டுத் துறை, அலுவலகம் என்று ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் பேனாவால் கையெழுத்து வாங்க வேண்டும். நான்கு வருடம் டிஜிட்டல் கையொப்பம், இரட்டைச் சரிபார்ப்பு, ஹேஷ் என்று படித்தவர்கள் கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். எந்தக் கையெழுத்தையும் யார் வேண்டுமானாலும் கிறுக்கலாம் போலத்தான் இருக்கும். கிறுக்கிப் பாருங்கள்! நூலகர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, முதல் வருடம் எடுத்த பைத்தான் புத்தகம் எங்கே என்று கேட்பார்.